வீட்டில் பசுமையும் சிக்கனமும்: குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு நகரங்களில் சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ வாழும், நான்கைந்து பேர் கொண்ட நடுத்தரக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை. தோட்டமும் கிணறும் உள்ள கிராமத்து வீடுகளில் பல கேள்விகளுக்கு இடமே இல்லை. அங்கே வழக்கமாக நடப்பவற்றைத்தான் நகரத்தில் முயன்று செய்ய வேண்டியிருக்கிறது.

சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று விற்கப்படும் பொருள்கள் எல்லாம் விலை கூடுதலாக உள்ளனவே. பசுமையாக வாழ்வதும் சிக்கனமாக வாழ்வதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லையா?

பசுமையைக் கடையில் தேடினால் முரண்தான். மூங்கில் பல்துலக்கியும், எஃகு உறிஞ்சுகுழலும், அழகிய கண்ணாடிப் புட்டிகளும் வாங்கிக் குவித்தால் செலவும் கூடும், உற்பத்திச் சுமையும் கூடும். அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் அடுக்கியிருக்க, பிறந்தநாளுக்குப் பாக்குமட்டைத் தட்டு வாங்குவதில் பசுமை எதுவும் இல்லை. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், பெட்ரோல், உணவு ஆகியவற்றைக் குறைவாகச் செலவழிப்பதில் இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

இரண்டும் பிரியும் இடங்களும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. இயற்கை வேளாண் அரிசியும், மரச்செக்கு எண்ணெயும், கைத்தறித் துணியும் விலை கூடுதலானவையே. இதற்கு மறுபக்கமாக, ஆழ்துளைக் கிணற்று நீர் பணம் கேட்பதில்லை என்பதால் அதைத் திறந்துவிட்டு வாசலையும் வண்டியையும் கழுவுவது செலவில்லாத வேலையாகத் தோன்றும். நிலத்தடி நீர்மட்டத்துக்கு அது சிக்கனம் ஆகாது. இப்படிப்பட்ட இடங்களில் எதைத் தேர்வது என்பதை அந்தந்தக் குடும்பத்தின் வருமானம்தான் தீர்மானிக்க முடியும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது. எங்கிருந்து தொடங்குவது?

மாற்றங்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை மாற்றுவது, குழாய் வாயில் நீரோட்டத்தைக் குறைக்கும் ஏரேட்டரைப் பொருத்துவது, குளிர்பதனப் பெட்டியின் தளர்ந்த ரப்பர் பட்டையை மாற்றுவது, மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது போன்றவை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக்கூடியவை. குப்பையை மட்கவைப்பது, துணி அணையாடைகளைத் துவைப்பது, சீயக்காய் அரைத்துவைப்பது, பாத்திரம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது போன்றவை நாள்தோறும் ஒருவருடைய கையைக் கேட்பவை. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கை அம்மாவினுடையதாகவே இருக்கிறது என்பதுதான் பசுமை வாழ்க்கை பற்றிய அறிவுரைகளில் சொல்லப்படாமல் போகும் செய்தி. மின் கட்டணத்தில் மிச்சமாகும் 200 ரூபாயைக் குடும்பம் முழுவதும் அனுபவிக்க, அதற்கான வேலையை ஒருவர் மட்டும் சுமப்பதைச் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே முதல் வகையை முதலில் முடித்துவிடுங்கள். இரண்டாம் வகையில் எதைத் தொடங்கும்போதும், இதைச் செய்யப்போவது யார் என்று பெயரைச் சொல்லிப் பேசி முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள்.

மின் கட்டணத்தைக் குறைக்க உண்மையில் பயன்படுவது எது? விளக்குகளை அணைத்துக்கொண்டே இருக்கிறோம், கட்டணம் குறையவில்லை.

எல்.இ.டி. விளக்குகள் வந்தபிறகு விளக்கை அணைப்பதால் மிச்சமாவது சொற்பமே. 9 வாட் விளக்கு ஒன்று 100 மணி நேரத்துக்கு மேல் எரிந்தால்தான் ஒரு யூனிட் ஆகும். மின்சாரம் போகும் இடங்கள் குளிர்சாதனம், மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் சூடாக்கி, மோட்டார் ஆகியவை.

மின்விசிறிகளைத்தான் பலர் கணக்கில் கொள்வதில்லை. நம் தட்பவெப்பத்தில் அவை ஆண்டு முழுவதும் சுழல்கின்றன. பழைய மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கீட்டுக் காலத்தில் அது சுமார் 67 யூனிட். அதே வேகத்தில் ஓடும், மின்சிக்கன மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. வகை மின்விசிறி 30 வாட் அளவில் எடுப்பதால் 27 யூனிட் போதும். மிச்சம் 40 யூனிட். இப்படி மூன்று மின்விசிறிகள் ஓடும் வீட்டில் 120 யூனிட் குறையும். விசிறியின் விலை ஏறத்தாழ 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதிக நேரம் ஓடும் ஒன்றை மாற்றிய பணம் இரண்டரை மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடும். எப்போதோ போடும் விருந்தினர் அறை விசிறியை மாற்றத் தேவையில்லை. 2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிகளுக்கும் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு கட்டாயம் என்பதால் ஒப்பிட்டு வாங்குவது எளிது.

தமிழ்நாட்டில் கட்டணம், பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறும் படிநிலை முறையில் கணக்கிடப்படுவது இதன் அடுத்த பகுதி. வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்ற சலுகை 2016இல் நடைமுறைக்கு வந்தது. அதைப் பலரும் அறிவார்கள். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளின் விலை ஏறுவதோடு கீழ்ப்படியில் கிடைத்த மலிவு விலையும் கைவிட்டுப் போகும் என்பதை அறிந்தவர்கள் குறைவு. 490 யூனிட்டுக்கும் 510 யூனிட்டுக்கும் இடையிலான தொகை வேறுபாடு 20 யூனிட்டுக்கு உரியதைவிட மிகுதியாக இருப்பது இதனால்தான். எனவே கணக்கெடுப்பு முடிந்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறையாவது மீட்டரைப் பார்ப்பது நல்லது. பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஆர்வமாகச் செய்வார்கள்.

வெயில் காலத்தில் ஏ.சி. இல்லாமல் இருக்க முடிவதில்லையே?

சித்திரை, வைகாசி மாதங்களில் கைக்குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டில் ஏ.சி.யை நிறுத்திவிடச் சொல்வது பொறுப்பற்ற அறிவுரை. எவ்வளவு நேரம், எத்தனை டிகிரியில், எத்தனை அறைகளில் என்பதுதான் கேள்வி. மணிக்கு ஒரு யூனிட் என்று குறைத்தே கணக்கிட்டாலும், இரவு எட்டு மணி நேரம் ஓடும் ஒரு ஏ.சி. இரண்டு மாதத்தில் 480 யூனிட்டை எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன 500 என்ற எல்லையை அது தனியாகவே நெருங்கிவிடுகிறது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. அந்த அமைப்பின் விதிப்படியே 2020 முதல் புதிய ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் பெரும்பாலானோருக்குப் போதும். கோடை இரவுகளில் குடும்பம் முழுவதும் ஓர் அறையில் படுத்துக்கொள்ளும் பழைய வழக்கத்துக்கு ஈடான சேமிப்பு எந்த நட்சத்திரக் குறியீட்டிலும் கிடைக்காது.

அறைக்குள் வெப்பம் நுழையும் வழிகளை அடைப்பது இன்னும் மலிவு. மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு மொட்டை மாடிதான் வெப்பத்தின் முதல் வாசல். பங்குனியில் மாடியைப் பெருக்கிக் கழுவி, சுண்ணாம்புக் கலவையை இரண்டு பூச்சு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். ஓரிரு மழைக்காலத்தில் கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க நேரிடலாம். மேற்குப் பார்த்த சன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டியோ மூங்கில் திரையோ தொங்கவிடுவது நல்லது; கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பத்தைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பதும், காற்றுக் குளிர்விப்பானும் மதுரை, திருச்சி, சேலம், வேலூர் போன்ற வறண்ட வெயில் ஊர்களில் நன்றாக வேலை செய்யும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் அவை புழுக்கத்தைத்தான் கூட்டும்.

மாடியில் சூரிய மின்தகடு போடலாமா?

உங்கள் மின் கட்டண அட்டையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2024இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியமாகக் கிடைக்கும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். நம் ஊரில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 600, 700 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது நல்ல முதலீடு. 250 யூனிட்டுக்குள் முடித்துவிடும் குடும்பம் ஏற்கெனவே மானிய விலையில்தான் மின்சாரம் பெறுகிறது. போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். சுற்றுச்சூழல் கருதிப் போடுவதானால் அது வேறு, ஆனால் லாபக் கணக்குச் சொல்லும் விற்பனையாளரிடம் உங்கள் சொந்த அட்டையைக் காட்டிக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

சமையல் எரிவாயுவை மிச்சப்படுத்துவது எப்படி? இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுவது லாபமா?

முதல் பாதிக்குப் பதில் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் தெரிந்ததுதான்: சுண்டலையும் பருப்பையும் ஊறவைப்பது, மூடிவைத்து வேகவைப்பது, கொதி வந்தபின் தீயைக் குறைப்பது, குக்கரில் ஒரே ஏற்றில் சோறு, பருப்பு, காய் மூன்றையும் வைப்பது. சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன என்று பொருள். தமிழ்நாட்டுக் கடைகளில் எளிதாகக் கிடைத்தும் புதிய தலைமுறை மறந்துவிட்ட ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறேன்: தெர்மல் குக்கர். அரிசியைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பானையோடு வெப்பம் வெளியேறாத உறைக்குள் வைத்து மூடிவிட்டால், சோறு தானே வெந்துவிடும். காலையில் வைத்தது மதியம் வரை சூடாகவும் இருக்கும். அடுப்பின் அருகில் யாரும் நிற்க வேண்டியதில்லை என்பது கூடுதல் ஆதாயம்.

இண்டக்‌ஷன் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வாயு செய்யும் வேலையை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய ஏறத்தாழ 130 யூனிட் மின்சாரம் ஆகும். சிலிண்டரின் இன்றைய விலையை 130ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் தொகையைவிட உங்கள் மின் கட்டணத்தின் கடைசிப் படியில் ஒரு யூனிட்டின் விலை குறைவாக இருந்தால் இண்டக்‌ஷன் லாபம்; கூடுதலாக இருந்தால் நட்டம். 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகள் மாறாமல் இருப்பதே நல்லது. சூரிய மின்தகடு உள்ள வீடுகள் தயங்காமல் மாறலாம்.

ஆர்.ஓ. இயந்திரம் தண்ணீரை வீணாக்குகிறது என்கிறார்கள். அதை நிறுத்திவிடலாமா?

தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரித்து நீக்குவதுதான் ஆர்.ஓ.வின் வேலை. ஆகவே பதில் உங்கள் தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைப் பொறுத்தது. ஒரு லிட்டர் குடிநீர் கிடைக்க, பழைய ஆர்.ஓ. இயந்திரங்கள் இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு ஏற்கத்தக்கதென வகுத்துள்ள டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதற்குக் குறைவான நீருக்கு, வேறு நச்சுப்பொருள் கலப்பு இல்லாதவரை, ஆர்.ஓ. தேவையில்லை, வடிகட்டிக் கொதிக்கவைத்தாலோ புறஊதாக் கதிர் வகைச் சுத்திகரிப்பானைப் பயன்படுத்தினாலோ போதும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் ஆர்.ஓ. மாட்டுவது இயந்திரத்துக்கும் தண்ணீருக்கும் சேர்ந்த வீண்செலவு. சென்னையில் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் பல பகுதிகளில் ஆர்.ஓ. இல்லாமல் முடியாது, அங்கே கழிவுநீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்தலாம். உப்பு மிகுந்த நீர் என்பதால் தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள். அளவு பார்க்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தெருவுக்கு ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விட்டால் போதும். தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைநீர்த் தொட்டி கட்டும் அளவுக்கு மழை பெய்கிறதா?

சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். பெருக்கினால் 1,30,000 லிட்டர். ஆவியாவதும் வழிவதும் போக ஒரு லட்சம் லிட்டரையாவது பிடிக்கலாம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்காகத் தெருக்கள் காத்துக்கிடந்தபோது இந்த ஒரு லட்சத்தின் மதிப்பு தெரிந்தது.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இலேயே சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. ஆகவே பல வீடுகளில் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது, அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசியில், மாடியைச் சுத்தம் செய்து, வடிகட்டுத் தொட்டியின் மணலையும் சரளையையும் எடுத்துக் கழுவி, முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து கிணற்றுக்கோ நிலத்தடித் தொட்டிக்கோ திருப்பினால் போதும். அடுக்ககங்களில் இதை எல்லோரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்?

கழற்றி எடுத்துச் செல்லக்கூடியவற்றில் பணம் போடுங்கள். மின்விசிறி, குழாய் ஏரேட்டர், மூங்கில் திரை, மட்கு தொட்டி, தெர்மல் குக்கர் எல்லாம் அடுத்த வீட்டுக்கும் வரும். பழைய விசிறியைப் பரணில் வைத்திருந்து, காலி செய்யும்போது மாட்டிக் கொடுத்துவிடலாம். ஆனால் வீட்டு உரிமையாளர் தன் விருப்பப்படி யூனிட்டுக்கு ஒரு விலை வைத்து மின்சாரத்துக்கு வசூலிக்கும் வீடுகளில் மேலே சொன்ன படிநிலைக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒவ்வொரு யூனிட்டும் ஒரே விலை. அது படிநிலை விலையைவிடக் கூடுதலாக இருந்தால் விசிறியை மாற்றிய பணம் இன்னும் விரைவில் திரும்பும்.

சமையலறைக் கழிவை மட்கவைக்க முயன்றோம். நாற்றமும் புழுவும் வந்ததால் விட்டுவிட்டோம். எங்கே தவறு?

அநேகமாக ஈரம் மிகுந்துவிட்டிருக்கும். சமையலறைக் கழிவில் நைட்ரஜனும் தண்ணீரும் அதிகம். அதற்கு ஈடாகக் கார்பன் மிகுந்த உலர்ந்த பொருளைச் சேர்க்காவிட்டால் காற்றுப் புகாமல் அழுகி நாறும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு அதே பருமனிலாவது காய்ந்த இலையோ, தென்னை நார்க்கழிவோ, கிழித்த செய்தித்தாளோ போட வேண்டும். இலைகள் என்றால் இரண்டு பங்கு போட்டாலும் கெடுதல் இல்லை. தெருவில் வேம்பும் பூவரசும் உதிர்த்த சருகைக் கூட்டிக் கொளுத்துவதைப் பார்க்கிறோம். அதை வாங்கிக்கொண்டால் புகையும் இருக்காது, உங்களுக்குச் சருகும் கிடைக்கும். ஒரு சாக்கை நீட்டிக் கேளுங்கள்.

பக்கவாட்டில் துளையிட்ட இரண்டு பழைய வாளிகளோ மண்தொட்டிகளோ போதும். அடியில் நார்க்கழிவைப் பரப்பி, அன்றன்றைய கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதன்மேல் சருகு மூடியிருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோரோ ஒரு கைப்பிடி பழைய மட்கோ சேர்த்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். வாரத்துக்கு இருமுறை கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் ஒட்ட வேண்டும், நீர் சொட்டக் கூடாது. நாற்றம் வந்தால் சருகு போடுங்கள். எறும்பு வந்தால் உலர்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். கொழுத்த சாம்பல் நிறப் புழுக்கள் நெளிந்தால் அவை பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். அவை மனிதரைக் கடிப்பதில்லை, நோய் பரப்புவதில்லை, கழிவை விரைவாகத் தின்று தீர்க்கும். அருவருப்பு தாங்கவில்லை என்றால் சருகைக் கூட்டி மூடிவிடுங்கள், குறைந்துவிடும். மீன் முள், எண்ணெய், பால் பொருள்கள் ஆகியவற்றைப் பழகும்வரை போட வேண்டாம். ஒரு தொட்டி நிறைந்ததும் அதை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதைத் தொடங்கினால், 45 முதல் 60 நாளில் முதல் தொட்டியில் மண் வாசனையோடு கரிய மட்கு கிடைக்கும். மழைக்காலத்தில் மூடிவையுங்கள், அடித்தட்டில் தேங்கும் நீரில் கொசு முட்டையிட இடம் தராதீர்கள்.

சென்னைப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும், கோவை வெள்ளலூரிலும் மலைபோல் குவிந்த குப்பையில் பெரும்பங்கு இப்படி வீட்டிலேயே மண்ணாகியிருக்கக்கூடியது. இடமோ நேரமோ இல்லாதவர்கள் ஈரக் கழிவையும் உலர் கழிவையும் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பிரிக்காமல் கொடுத்தால் அதைக் கையால் பிரிப்பது அவர்தான்.

வீட்டில் உள்ள பிளாஸ்டிக் பொருள்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடிக்கும் எஃகுக்கும் மாற வேண்டுமா?

வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பருப்பையும் கடுகையும் கொட்டிவைப்பதில் தவறில்லை. சூடான உணவை மட்டும் அதில் போடாதீர்கள். உடைந்த பின் வாங்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

குறைக்க வேண்டியது ஒருமுறை பயன்படுத்தி எறிபவற்றை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. துணிக்கடையிலும் கல்யாண வீட்டிலும் வாங்கிய பைகள் பத்துப் பதினைந்து வீட்டில் கிடக்க, மறந்து வந்துவிட்டோமே என்று கடைவாசலில் மேலும் ஒரு துணிப்பை வாங்குவதும் ஒருவகை ஊதாரித்தனமே. பருத்தி விளைவிக்கத் தண்ணீர் ஏராளமாகச் செலவாகிறது. ஒரு பை பல நூறு முறை கடைக்குப் போய்வர வேண்டும். வண்டிப் பெட்டியில் ஒன்று, கைப்பையில் ஒன்று நிலையாக இருக்கட்டும். இறைச்சிக்கும் மாவுக்கும் தூக்குவாளி எடுத்துச் செல்லுங்கள்.

ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் விற்கும் வழக்கத்தை இந்தியாவில் தொடங்கிவைத்தவர்களுள் கடலூரின் சின்னி கிருஷ்ணன் ஒருவர். பெரிய புட்டி வாங்க முடியாதவருக்கும் எட்ட வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த அந்தப் பொட்டலம்தான் இன்று மறுசுழற்சி செய்ய முடியாத குப்பையாகக் கால்வாய்களை அடைக்கிறது. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது தேவையில்லை.

பூந்திக்கொட்டை, எலுமிச்சைத் தோல் நொதிநீர் போன்றவை உண்மையில் அழுக்கைப் போக்குமா?

ஓரளவுக்கு. பூந்திக்கொட்டை பட்டுக்கும் மெல்லிய பருத்திக்கும் ஏற்றது; பள்ளிச் சீருடையின் கழுத்துப்பட்டைக் கறைக்குப் போதாது. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல், பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் நொதிக்கவிட்ட நீர் தரை துடைக்கவும் குளியலறையின் உப்புப் படிவைத் தளர்த்தவும் உதவும். முதல் மாதத்தில் நாள்தோறும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றாவிட்டால் புட்டி வெடித்துவிடும். கிருமிநாசினியாக இதை நம்பக் கூடாது. பாத்திரம் துலக்கத் தேங்காய் நார் நன்று. எதுவும் செய்ய நேரமில்லாதவர்கள் இப்போது போடும் சலவைத்தூளில் பாதியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் தேவைக்கு மேல்தான் போடப்படுகிறது.

உணவுச் செலவைக் குறைத்துக்கொண்டே நல்ல உணவு உண்ண முடியுமா?

உழவர் சந்தைகள் 1999இல் மதுரையில் தொடங்கி மாநிலம் எங்கும் பரவின. இடைத்தரகர் இல்லாததால் விலை குறைவு, அருகிலிருந்து வருவதால் போக்குவரத்துச் சுமையும் குறைவு. காலையில் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதுதான் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிக்கல். வாரத்துக்கு ஒருமுறை போதுமான அளவு வாங்கலாம். பருவத்தில் கிடைப்பதை வாங்குவதே மலிவு. மலைக்காய்களுக்கு இணையாகச் சுரைக்காய், பூசணி, முருங்கைக்கீரை, வாழைத்தண்டு ஆகியவற்றுக்கும் தட்டில் இடம் கொடுங்கள்.

வாங்கியதை வீணாக்காமல் இருப்பது விலை குறைத்து வாங்குவதைவிடப் பெரிய சேமிப்பு. பீர்க்கங்காய்த் தோல் துவையல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு, மிஞ்சிய சோற்றில் நீரூற்றிய பழையது, காய்ந்த இட்லியின் உப்புமா எல்லாம் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் மிஞ்சியதை எல்லாம் அம்மாவின் தட்டில் தள்ளிவிடுவதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்காதீர்கள். எல்லோரும் பகிர்ந்து உண்ணுங்கள், அல்லது அளவைக் குறைத்துச் சமையுங்கள்.

கைக்குழந்தைக்குத் துணி அணையாடைதான் போட வேண்டுமா?

பழைய வேட்டியும் பருத்திப் புடவையும் கிழித்த துணியைவிடக் குழந்தையின் தோலுக்கு இதமானது இல்லை, செலவும் இல்லை. துவைக்க ஆள் இருந்தால் பகலில் துணியும், இரவிலும் பயணத்திலும் கடை அணையாடையும் என்று பிரித்துக்கொண்டாலே பயன்பாடு பாதிக்குமேல் குறையும். பிரசவித்த சில வாரங்களுக்குள் தாயே துவைக்க வேண்டிய நிலை என்றால், இந்தக் கேள்வியைச் சில மாதம் தள்ளிவைத்துவிடலாம். துவைக்கும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொள்ளும் வீடுகளில் இது தடையில்லாமல் நடக்கிறது.

போக்குவரத்துச் செலவு?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியேறும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். பள்ளிக்கு ஒரே தெருவிலிருந்து நான்கு வண்டிகள் தனித்தனியே போவதைத் தவிர்க்க அண்டை வீட்டாரோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கடைக்கு நடந்து போங்கள். மாதம் இருமுறை டயரில் காற்றுப் பாருங்கள்.

விசேஷங்களை எளிமையாக நடத்தினால் உறவினர்கள் தவறாக நினைக்க மாட்டார்களா?

வாழையிலையில் பரிமாறி, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை. குறை வருவது தாம்பூலப் பையில்தான். அதில் பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் பதிலாகத் தேங்காயோ நாட்டுச் சர்க்கரையோ வைத்தால் பயன்படும். கொலு, பிறந்தநாள் ஆகியவற்றில் கொடுக்கும் பரிசுகளுக்கும் இதுவே பொருந்தும். போகியன்று பழையன கழிக்கும்போது டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள். அந்தப் புகை மூட்டத்தால் சென்னையில் விமானங்கள் தாமதமான ஆண்டுகள் உண்டு. உடுத்தத்தக்க துணிகளைத் துவைத்து மடித்துக் கொடுங்கள். கந்தலைக் கொடுப்பது தானம் ஆகாது.

தீர்ந்துபோன பேட்டரி, உடைந்த குழல்விளக்கு, காலாவதியான மருந்து, அணையாடை ஆகியவற்றை என்ன செய்வது?

இவற்றை ஈரக் கழிவிலும் உலர் கழிவிலும் சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும். மூடியுள்ள ஒரு பழைய டப்பாவைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பேட்டரி, விளக்கு, பூச்சிமருந்துப் புட்டி ஆகியவற்றைச் சேர்த்துவந்து, மாநகராட்சி தனியே வாங்கும் நாளில் கொடுங்கள். பழைய கைபேசி, மின்கம்பி, சார்ஜர் ஆகியவற்றைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டால், செம்புக்காகக் கம்பியைத் திறந்தவெளியில் எரிக்க வாய்ப்புண்டு. அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு நிறுவனத்திடமோ அவற்றை வாங்கும் கடையிலோ ஒப்படையுங்கள். மருந்தைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். குழந்தையின் அணையாடையையும் மாதவிடாய்ப் பஞ்சையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறியிட்டுத் தனியே கொடுத்தால், பணியாளர் பிரித்துப் பார்க்க நேராது.